ஓட்ட ஒருத்தர், கேட்க ஒருத்தர்

காரின் முன்பக்க ஷாக்கப்சரையும் ஸ்பிரிங்கையும் வீட்டு வாசலிலேயே தானே மாற்றிவிடுவது என்று ஷரீப் முடிவெடுத்ததற்கு ஒரே காரணம்தான். அந்த வேலை தனக்குத் தெரியாது என்பது அவருக்கு மிக நன்றாகத் தெரியும்.

தெரிந்தவன் கைவைத்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். தெரியாதவன் கைவைத்தால் ரம்ஜான் வரைக்கும் இழுக்கலாம். ஷரீபுக்கு இழுக்க வேண்டியிருந்தது.

வில்லியனூர் கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக்கடை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்குத்தான் தினமும் கார். காலையில் போய்க் கடை வாசலில் நிற்கும். இருட்டியதும் திரும்பி வரும். நடுவில் அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் கார் நிற்கும்போது அலுமினிய அண்டாக்களுக்கே தனிக் களை வந்துவிடுகிறது என்பது ஷரீபின் எண்ணம்.

அவர் மனைவி ரஹீமாவுக்கு மூலக்குளத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவள் கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். லைசென்ஸ் வந்த அன்றே காருக்கு நோய் வந்துவிட்டது.

"முன்னாடி ஷாக்கப்சர் போயிடுச்சி ரஹீமா. பள்ளத்துல வுட்டா சத்தம் போடுது, ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது. எனக்குப் பழக்கம், புடிச்சுக்குவேன். புதுக் கைக்கு ஆவாது."

"சரி பண்ணிட்டா?"

"அப்புறம் இன்னா, நீயே எடுத்துனு போ."

சொல்லும்போது தாராளமாகத்தான் சொன்னார். மழை விட்டப்புறம், கொம்யூன் பஞ்சாயத்துல ரோடு போட்டப்புறம், கல்யாண சீசன் முடிஞ்சப்புறம் என்று அவரிடம் அப்புறங்கள் நிறைய இருந்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் இரண்டு நீளமான பெட்டிகள் வந்து இறங்கின.

"ஷாக்கப்சருங்க," என்றாள் ரஹீமா. "மெக்கானிக் வீரமணி காலைல வர்றேன்னாரு."

ஷரீபுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அவன் எதுக்கு? என் வண்டி. நானே மாத்துறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

ரஹீமா அவர் கைகளைப் பார்த்தாள். வீரமணிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார் ஷரீப். முன்சக்கரத்தைக் கழற்றினார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். மறுபடி சுற்றி வந்தார். பக்கத்து வீட்டு அரங்கநாதன் டீ டம்ளரோடு வந்து நின்றார். கரும்பு போடுகிறவர், தன் டிராக்டரைத் தானே பிரித்து மாட்டுகிறவர்.

"இன்னா பாய், வேண்டுதலா? வண்டிய சுத்தினே கீற."

"பாக்க வேணாமாண்ணே? ஆழமான வேலை இது."

ரஹீமா நாற்காலி போட்டு முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தாள். ஷரீப் ஸ்பானரை மாட்டி, பட்டும் படாமல் ஒரு அழுத்து அழுத்தினார்.

"நட்டு துருப்புடிச்சி இறுகிப் போச்சி. இது அசையாது. எண்ணெய் ஊத்தி ஒரு வாரம் ஊறணும்."

"ஊறிடுச்சி. செவ்வாக்கெழமையிலேருந்து தினம் ஊத்தினு வர்றேன்."

"உனக்கு எந்த நட்டுன்னு எப்பிடித் தெரியும்?"

"செல்லுல வீடியோ பாத்தேன். அடியில ரெண்டு, பானட்டுக்குள்ள மூணு. நல்லா அழுத்துங்க."

அரங்கநாதன் பார்க்கிறாரே என்று அழுத்தினார். நட்டு வெட்கமே இல்லாமல் கழன்று வந்தது.

பழைய ஷாக்கப்சர் ஸ்பிரிங்கோடு கையில் வந்ததும் ஷரீபுக்குத் தெம்பு திரும்பியது.

"இங்கதான் ஆபத்து. இந்த ஸ்பிரிங்க அமுக்கித்தான் பிரிக்கணும். அதுக்குத் தனி சாமான் வேணும். அது இல்லாம தொட்டா தெறிச்சி மண்டைய பேத்துடும். நம்ம ஊர்ல எங்கயும் கெடைக்காது."

கிடைக்காது என்பதை அவர் கல்கண்டு போல ருசித்துச் சொன்னார்.

ரஹீமா கீரைக்காம்பைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே புது ஷாக்கப்சரின் மேல் புது ஸ்பிரிங் அழகாக உட்கார்ந்திருந்தது.

"அமுக்கி மாட்டியே அனுப்பிட்டாங்க. அப்பிடியே தூக்கி வெச்சி முடுக்க வேண்டியதுதான்."

"பழசு?"

"அத்த ஏன் பிரிக்கணும்? முழுசா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"தங்கச்சி வெவரம் பாய்," என்றார் அரங்கநாதன்.

ஒரு பக்கம் முடிந்தபோது மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஷரீப் இத்தனை வேகமாகப் பள்ளிவாசலுக்குப் போனதை அந்தத் தெரு பார்த்ததில்லை. தொழுதார். எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். உறவில் நோயாளிகள் ஒவ்வொருவருக்காகவும் துஆ செய்தார். நோயாளிகள் தீர்ந்ததும் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்காகச் செய்தார். வெயில் சாயட்டும், இன்னொரு பக்கம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும்.

திரும்பி வந்தபோது வண்டி நான்கு சக்கரத்தில் நின்றிருந்தது. அரங்கநாதன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான நிக்கறோம்னு அந்தப் பக்கத்தையும் மாட்டிட்டேன் பாய். தங்கச்சி ஸ்பானர் எடுத்துக் குடுத்துச்சி."

ஷரீப் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன மிகக் கஷ்டமான நன்றி அது.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார். வண்டி பாலாடை மேல் போவது போலப் போனது. ஒரு முனகல் இல்லை. ஷரீப் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார்.

"சத்தம் போவல."

அரங்கநாதனுக்குச் சுருக்கென்றது. "எந்தப் பக்கம்? நான் போட்டதா, நீ போட்டதா?"

"அதான் தெரியலண்ணே. ஓட்டினே கேட்டா சரியா புடிபடாது. ஓட்ட ஒருத்தர், பக்கத்துல உக்காந்து கேக்க ஒருத்தர் வேணும். எந்த மெக்கானிக்கும் அப்பிடித்தான் பாப்பான்."

கணக்குச் சரியாக இருந்தது. அரங்கநாதனுக்கு டிராக்டர் தவிர வேறு ஓட்டத் தெரியாது. வரவேண்டாம் என்று சொன்னதில் வீரமணிக்குக் கோபம். இப்போதைக்கு இந்தப் பக்கம் வரமாட்டான். கார் நாளை காலை வழக்கம்போல அண்டாக்களுக்கு எதிரே நிற்கும்.

ரஹீமா மடியை உதறிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்ப் பர்தாவைப் போட்டுக்கொண்டு வந்து அவர் கையிலிருந்த சாவியை வாங்கினாள்.

"ஏறுங்க."

"எங்க?"

"எனக்கு எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியாது. காது உங்களுது. ஓட்டறது நான்."

அரங்கநாதன் இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு பாய். நீ சொன்னதுதான?"

ரஹீமா முதலில் மூலக்குளம் பக்கம் விட்டாள். பஸ்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே நிதானமாகப் போனாள். எதிரே வரும் லாரிகளைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஷரீப் கண்களை இறுக மூடிக்கொண்டு டாஷ்போர்டில் காதை வைத்தார்.

"கேக்குதா?"

இல்லை என்றால் வண்டி குணமாகிவிட்டது என்று அர்த்தம். குணமானால் அது அவளுடையது.

"கேக்குது."

"எந்தப் பக்கம்?"

"புடிபடல."

"அப்ப இன்னும் கொஞ்ச தூரம் போவலாம்."

வண்டி திரும்பியது. வீட்டைத் தாண்டும்போது அரங்கநாதனின் குரல் கேட்டது. "தெரிஞ்சுதா?" "இன்னும் கேக்குதாம்ணே," என்று நிறுத்தாமலே சொன்னாள் ரஹீமா. பிறகு கரும்பு வாசனை வந்தது, நாற்று வாசனை வந்தது, பாகூரின் பஜ்ஜி வாசனை வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கேக்குதா, ஒரு கேக்குது. மறுபடி இன்னும் கொஞ்ச தூரம். கழுத்து பிடித்துக்கொண்டது. வாயில் பொய் வறண்டுபோயிருந்தது.

திடீரென்று ஷரீப் காதைத் தீட்டிக்கொண்டார். உண்மையிலேயே ஒரு சத்தம். அல்லா கைவிடவில்லை.

"ரஹீமா, இப்ப நல்லாவே கேக்குது. உஸ்ஸுனு இழுத்து, தொப்புனு வுடுது. நின்னு நின்னு வருது. ரெண்டு பக்கமும்."

"கண்ணத் தொறங்க."

திறந்தார். எதிரே படகுகள். பனித்திட்டு மணலோரம் வண்டி எப்போதோ நின்று, எஞ்சினும் அணைந்திருந்தது. குலுங்காத வண்டியில் நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

ரஹீமா சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அது கடல்," என்றாள். "அதுக்கு ஷாக்கப்சர் கெடையாது."