ஹோரஸ் டிண்டலின் பெயர் திரையில் வந்த கதை

"கொலைகாரனைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள துப்பறியறவன் கிளம்பிட்டானா?"

தயாரிப்பாளர் லோமாக்ஸ் போட்ட கூச்சலில் ஸ்டூடியோவே கிடுகிடுத்தது.

"துப்பறியறவரா நடிக்கற பேசிலுக்கு ராத்திரி நாடகம் இருக்கு சார். நாளையிலேர்ந்து மான்செஸ்டர்ல. இனிமே வரமாட்டாராம்" என்றான் ஹோரஸ்.

"படம் இன்னிக்கு முடியணும்யா! முடிச்சுக் குடு, உன் பேரைத் தனியா, பெரிய எழுத்துல போடறேன்."

ஹோரஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பத்து வருஷமாகத் திரைக்கதை எழுதுகிறான். ஒரு படத்திலாவது பெயர் வந்ததா? பாவம், இல்லவே இல்லை. "எழுத்தாளர்னு சொல்லிக்கறீங்களே, பேர் எங்கங்க?" என்று மனைவி மேவிஸ் குத்திக்காட்டாத நாளில்லை.

"துப்பறியறவரையே கொன்னுடலாம் சார்!"

பேசிலுக்குப் பதிலாக லைட்பாய் ஸ்டானைப் படுக்கவைத்துப் போர்வையால் மூடினார்கள். பிணம் பிரமாதம். ஆனால் கதை அதோடு முடிந்துபோனதில் படம் குட்டையாகிவிட்டது.

"ஆறாயிரம் அடி பிலிம் தேறலேன்னா சட்டத்துல அதைப் படம்னே ஒத்துக்க மாட்டான்யா! இழு!"

ஹோரஸ் இழுத்தான். பட்லராக நடித்த கிழவர் பெர்சி, பிணத்தருகே நின்று பழைய கதையெல்லாம் சொல்லுவதாக எழுதினான். பெர்சிக்குப் பாதியில் வசனம் மறந்துபோயிற்று. திருதிருவென்று விழித்தவர், "நான்தான் கொன்னேன்!" என்று ஓவென்று அழுதுவிட்டார்.

"ஐயையோ! காலையில எடுத்த சீன்லதானே டாக்டர் வேஷக்காரர் குத்தத்தை ஒத்துக்கிட்டாரு!" என்று அலறினான் ஹோரஸ்.

"திரும்ப எடுக்க பிலிம் ஏது? ரெண்டு பேரும் சேந்து கொன்னாங்கன்னு எழுது!"

எழுதினான். அந்த நேரம் பார்த்துப் பிணம் தும்மியது.

"அதையும் வெச்சுக்கோ! அடி ஏறுதில்ல!" லோமாக்ஸ் துள்ளினார்.

தும்மிய பிணம் எழுந்துதானே ஆகவேண்டும்? பேசில் முகத்துக்கு எங்கே போவது? ஸ்டானின் முகம் முழுக்கக் கட்டுப் போட்டு, கதாநாயகி கையில் பிடித்துக் கொடுத்துக் கல்யாணத்தையும் முடித்துவைத்தான் ஹோரஸ். கதை கந்தலாகிவிட்டது.

லோமாக்ஸோ அளந்து பார்த்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். சொன்ன சொல் தவறவில்லை. பெயர் வந்தது, தனியாக, பெரிய எழுத்தில்.

படம் வெளியான சனிக்கிழமை சாயங்காலம், மேவிஸ் புதுத் தொப்பி போட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் பேரை எல்லாரும் வந்து பாருங்க!" என்று தெருவையே கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிட்டாள். அங்கே ஓடிக்கொண்டிருந்ததோ ஒரு அமெரிக்கப் படம்.

ஹோரஸ் வாசலில் சிகரெட் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்காரி மிசஸ் பிளட்டிடம் ஓடினான்.

"அம்மா, இந்த வாரம் ஒரு துப்பறியும் படம்... நம்ம பிரிட்டிஷ் படம்... அது எப்போ?"

"அதுவா? நம்ம நாட்டுப் படமும் ஓட்டியாகணும்னு சட்டமாமே சார், அதான் தினம் காலையில நாங்க ஹாலைப் பெருக்கறப்போ, குப்பை தெரியணும்னு லைட்டையெல்லாம் போட்டுட்டு அதை ஓட்டி முடிச்சுடறாங்க!"