கயிறு பிடித்தவர்களின் தகடு

வாட்சோ, 7 மே 2026

அன்புள்ள அக்கா போர்கில்டுக்குத் தம்பி தூர்கெய்ர் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். என்னை யாரும் விசாரிப்பதில்லை என்பதால் நானும் நலம். துரோம்சோவில் நீயும், பிள்ளை பெற்ற மகளும், பேரனும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்றைய விழாவை உன் கணவர் ஒத்வார் வாயால் கேட்பதற்கு முன் என் கையெழுத்தில் படித்துவிடு. வடதுருவத்துக்குப் போன வான்கப்பல் நம் தீவில் இறங்கி நூறு ஆண்டாகிறதல்லவா? அன்று கயிறு பிடித்து அதை இறக்கிய முப்பத்தொன்பது ஊர்க்காரர்களின் பெயரைச் செம்புத் தகட்டில் வெட்டி, அன்று கப்பலைக் கட்டிய இரும்புக் கம்பத்தில் மாட்டிவிட்டார் அவர். நாற்பதாவது ஆளான நம் தாத்தாவின் பெயர் இல்லை. கேட்டால், "ஆதாரம் எங்க மச்சான்?" என்கிறார். இருபத்தாறு வருடம் வரலாறு கற்பித்தவனிடம், மீன்பெட்டி விற்கிற மனிதர் ஆதாரம் கேட்கிறார்!

கம்ப உச்சியில் கட்டிய வெறும் கயிறுகளைப் பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொள்ள, அவர் பெயர்களை வாசித்தார். தாத்தாவுக்குப் பதிலாகப் பேரப்பிள்ளை "இருக்கேன்!" சொல்ல வேண்டும். நான்காவது பெயருக்குள் கடலிலிருந்து மூடுபனி ஏறிக் கம்பத்தின் மேல்பாதியை விழுங்கிவிட்டது. அதன்பிறகு கீழே ஒரு "இருக்கேன்" வந்ததும் மேலே இன்னொன்று வந்தது. காற்றே இல்லை, கொடி ஈரத்துணியாகத் தொங்கியது, ஆனால் கயிறுகள் விறைத்து மேலே இழுத்தன. ரொட்டிக்கடை ஓசே, "ஐயோ, என் கால் தரையில இல்ல!" என்று அலறினாள். "எதிரொலிதாம்மா, விடாத!" என்றார் உன் கணவர்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, முன்னே போய்த் தாத்தா பெயரை நானே கூவினேன். பனி வாயைத் திறக்கவில்லை. "பாத்தியா மச்சான், உங்க தாத்தாவே ஒத்துக்கல!" என்றார். நுனிக்காலில் தொங்கிக்கொண்டே முப்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள்.

ஆகவே திங்கட்கிழமைக்குள் தாத்தா பெயர் தகட்டில் ஏற வேண்டும். இல்லையென்றால் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

பேரனுக்கு என் ஆசி. உன் கணவருக்கு, கடமைக்கு ஒரு வணக்கம்.

தூர்கெய்ர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பெயரை வெட்ட வேண்டாம். தாத்தா என் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு அப்படியே இருக்கிறது. ஏன் குரல் கொடுக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். "தகட்டுல பேர் ஏறினவனெல்லாம் இன்னும் மேலதான்டா நிக்கிறான், கயித்த விட முடியாம. நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன். அதையும் கெடுத்துடாத," என்றார். பெயரைத் தேய்த்தால்தான் அவர்கள் இறங்க முடியுமாம். அரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஒத்வாரின் தாத்தாவைக் கடைசியில்தான் தேய்ப்பேன்.