சர்க்கரைக் கிண்ணத்தில் இரும்புத் தூள்

மாவு ஆலைக் குடியிருப்பு, ஜலாலாபாத்
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய சல்கின் அக்காவுக்குத் தம்பி மிர்சாகுல் பணிவுடன் எழுதுவது. உங்கள் ஊர் நரினில் பனி கரைந்ததா, அத்தானின் முழங்கால் வலி எப்படி, குதிரைகள் குட்டி போட்டனவா? இங்கே ஒருவரும் சாகவில்லை. நான் நேற்று சம்பந்தி வீட்டாருக்கு விஷம் வைத்ததாக அதற்குள் போன் வழியே உங்கள் ஊர்ச் சந்தை வரை பேச்சாம். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் மாவில் இரும்புச் சத்துத் தூள் கலக்கிறோம் அல்லவா, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும், அதைக் கையாளும் விதத்தைப் பரிசோதனைக் கூடத்து ஆல்மாகுல் எங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். முகமூடி, கண்ணாடி, கையுறை போட வேண்டும், துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது, ஈரம் படக் கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவாமல் ரொட்டியைத் தொடக் கூடாது. தின்கிற இரும்புக்கு முகமூடி எதற்கு என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "மாமா, மாவுல கலந்தா அது சத்து. சின்னப் புள்ள ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டா உயிருக்கே ஆபத்து" என்றாள். மறுநாளே நான் வெறும் முகத்தோடு மூட்டையைக் கத்தியால் கிழித்து, அதற்குள் தலையை விட்டுத் தும்மினேன். கண் எரிந்த எரிச்சலில் அம்மாவையும் உங்களையும் சேர்த்துக் கூப்பிட்டேனாம். ஆல்மாகுல் என் கழுத்தைப் பிடித்துக் குழாயடியில் கால் மணி நேரம் வைத்திருந்தாள், ஆட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் என் மகள் ஜிபாருக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வரப் போகிறார்கள், பிள்ளையோ வெளுத்துப் போய் நிற்கிறாள். ஒரு மூட்டை மாவுக்கு ஒரு சிட்டிகை தூள் நல்லது செய்யும் என்றால், ஒரு பெண்ணுக்கு ஒரு கரண்டி கன்னத்தையே சிவக்க வைக்காதா என்று கணக்குப் போட்டு, ஒரு தம்ளர் தூளைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். யாரும் கேட்கக் கூடாதென்று காலிச் சர்க்கரை டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்துவிட்டு, அவளுக்குக் கொடுக்க நல்ல வேளை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் மாப்பிள்ளையின் அப்பா கெரிம்பாய், அம்மா, மூன்று வயதுப் பேத்தி எல்லோரும் வந்துவிட்டார்கள். தரையில் விரிப்பு போட்டு, நடுவில் பிலாவு, ரொட்டி, எண்ணெயில் பொரித்த போர்சோக் எல்லாம் பரப்பியாயிற்று. அவசரத்தில் என் மனைவி பூரூல் அந்த டப்பாவில் இருந்தது பொடித்த சர்க்கரை என்று நினைத்துக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டாள். கெரிம்பாய் இரண்டு கரண்டி எடுத்துத் தேநீரில் கலக்கினார். கலக்கக் கலக்கத் தேநீர் கறுத்துக்கொண்டே போனது. அவர் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, இது குடிக்கவா, கையெழுத்துப் போடவா?" என்று கேட்டார். அப்போது பார்க்கிறேன், அந்தப் பேத்தி கிண்ணத்தில் கரண்டியை விட்டு நிறைய அள்ளி வாய்க்குக் கொண்டு போகிறாள்.

அக்கா, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. விரிப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்தேன். கரண்டி சுவரில் போய் விழுந்தது, நான் பிலாவில் விழுந்தேன். தாடியெல்லாம் கேரட். குழந்தை அழுதது, தூள் வாய்க்குள் போகவில்லை. பிலாவில் படுத்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இதோடு சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தேன். கெரிம்பாய் என் தாடியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கறி நல்லா வெந்திருக்கு. எம் பேத்திக்காகச் சோத்துல விழுந்தவன் வீட்ல எடுக்காம வேற எங்க போய்ப் பொண்ணு எடுப்பேன்?" என்றார். சம்பந்தியம்மா எழுந்து போய், சம்பந்தம் நிச்சயம் என்பதற்கு அடையாளமாக ஜிபாரின் காதில் தோடு போட்டார். பிறகு எல்லோரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய்கள்கூடக் குரைக்க ஆரம்பித்துவிட்டன.

மிச்சத் தூளை இன்று காலை ஆலையில் ஒப்படைத்தேன். ஆல்மாகுல் பாதி திட்டி, பாதி சிரித்து, இனி புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே பாடம் எடுக்க வேண்டும் என்று தண்டனை போட்டாள். ஜிபார் டாக்டர் எழுதிய மாத்திரையை, எழுதிய அளவில் சாப்பிடுகிறாள். ஆகவே அக்கா, சந்தையில் கேட்பவர்களிடம் சொல்லுங்கள்: உங்கள் தம்பி விஷம் வைத்தவன் அல்ல, ஒரு குழந்தையைக் காப்பாற்றியவன். உங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். கல்யாணத்துக்கு அத்தானோடு வந்து சேருங்கள்.

அன்புத் தம்பி,
மிர்சாகுல்

பின்குறிப்பு: அண்ணி, நான் பூரூல். உறையை ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு, படிச்சுட்டேன். அவரு பாயல. ரெண்டு மணி நேரம் சம்மணம் போட்டதுல கால் மரத்துப் போயி, எழுந்திருக்கப் பாத்து அப்படியே சோத்துல சாஞ்சாரு. கரண்டியைத் தட்டி விட்டது பக்கத்துல டீ ஊத்திக்கிட்டிருந்த ஜிபார். சம்பந்தியம்மா சும்மாவா தோடு போட்டாங்க? இவருகிட்ட யாரும் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க.