மீசை ஜெர்மனும் நம் போர்வெல்லும்

கண்ணுங்களா, தத்துவத்தால் மீசை வளர்த்த மனுஷன் நம்ம தருமபுரி மாவட்டத்திலேயே ஒருத்தர்தான். அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘மறுபடி’ என்று கேட்டால் காரிமங்கலத்திலிருந்து பொம்மிடி வரைக்கும் வழி சொல்வார்கள். நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நம் நிலத்தில் போர்வெல் போட வந்த ஏஜெண்ட் அவர்.

பொம்மிடி ஸ்டேஷனில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் பெஞ்சில் கிடந்ததாம். போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த மூன்று பெரிய சிந்தனைக்காரர்களைப் பற்றி யாரோ தமிழில் எழுதியது. வந்த ரயிலையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்து படித்திருக்கிறார். பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் சோக ஜெர்மன், தாடி ஜெர்மன், மீசை ஜெர்மன் என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

முதலில் பிடித்தது சோக ஜெர்மன். ஆசைதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று காப்பியை விட்டார், சிரிப்பை விட்டார், ஷேவிங்கையும் விட்டார். “ஆசையே இல்லாத மனுஷனுக்கு வூட்டுல சோறு எதுக்கு?” என்று அவர் சம்சாரம் கேட்ட அன்றைக்கே சோக ஜெர்மன் கிளம்பிவிட்டார்.

அடுத்து தாடி ஜெர்மன். போர் வண்டி ஆட்களைப் பார்த்து, “பைப்பைத் தூக்கறது நீங்க, லாபம் மட்டும் ஓனருக்கா?” என்று கேட்டார். அவர்கள் பாதிக் குழியோடு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓனர் வந்து எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்த பிறகுதான் வண்டி ஓடியது. “லாபத்துல கொஞ்சம் பிரியாணியா இறங்கிடுச்சு. மீதிப் புரட்சி அப்புறம்” என்று இவரும் ஒரு பொட்டலம் பிரித்தார்.

கடைசி வரைக்கும் நிலைத்தவர் மீசை ஜெர்மன். இந்த வாழ்க்கை இப்படியே, துளி மாறாமல், முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் உனக்குச் சம்மதமா என்று அவர் கேட்டாராம். அன்றிலிருந்து இவருக்கும் மீசை வளர்ந்தது. டீயை முதலில் மீசைதான் குடிக்கும். சந்தையில் ஆடு வாங்கிய ஒரு அம்மாவை மறித்து, “இதே ஆட்டை மறுபடி மறுபடி, கோடி தடவை வாங்கச் சம்மதங்களா?” என்றார்.

“வாங்கறேன் சாமி. இந்த வாட்டி கயித்த மட்டும் வுடு” என்றது அந்த அம்மா.

அப்பேர்ப்பட்டவர்தான் எந்த இடத்தில் துளை போட்டால் தண்ணீர் வரும் என்று நமக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுத்தார். கிணறு வற்றிக் கிடந்த காலம். போரில் தண்ணீர் வந்தால் இங்கே இருப்பது, வராவிட்டால் நிலத்தைப் போட்டுவிட்டு பெங்களூரில் அபார்ட்மெண்ட் வேலைக்குப் போவது என்று நானும் உங்கள் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். காலையிலிருந்து வண்டி கத்தியது. வந்ததெல்லாம் மாவு மாதிரி வெள்ளைப் புழுதி.

அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிற ஏஜெண்ட் என்றால் இன்னும் ஆழம் போகலாம் என்றுதான் சொல்லணும். இவர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, இதே பாறை, இதே புழுதி, சொட்டுத் தண்ணி இல்ல. மறுபடி மறுபடி இப்படியேதான். சம்மதமா?”

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ. அம்மா முந்திக்கொண்டாள்.

“ஏங்கண்ணா, பெங்களூருக்கும் அதே கேள்விய கேளுங்க. மறுபடி மறுபடி அடுத்தவங்க தண்ணித்தொட்டிய கழுவச் சம்மதமான்னு.”

கிறுக்குக் கேள்விதான். ஆனால் அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

“இதோட நிறுத்திடுங்க. தண்ணி இல்லாட்டி போவுது. மழையை நம்பி ராகி போடறேன், கொள்ளு போடறேன். இங்கிருந்து நகரமாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் இதான்.” அதோடு விடவில்லை. “உங்களுக்குச் சம்மதங்களா? மறுபடி மறுபடி இதே எடத்துலயே பாயிண்ட் வெக்க?”

புழுதியில் மீசை முழுக்க வெள்ளையாகிவிட்டதைத் தோள் துண்டால் துடைத்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: “பாயிண்ட்ட மட்டும் அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்னு அந்த ஜெர்மன் எங்கயும் எழுதலயே, தம்பி.”

குழி வாய்க்கு மூடி போட்டு, மேலே பெரிய கல்லை உருட்டி வைத்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியில் ஏறினார். உங்களைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் கவனித்தேன், தன் துண்டை அவர் மறந்துவிட்டுப் போயிருந்தார். குடத்தில் மிச்சமிருந்த குடிதண்ணீரில் அதைப் புழுதி போக அலசி, பிழிந்து, வேலியில் காயப்போட்டேன்.