இருளாண்டிக்குக் கண்ணீர் அஞ்சலி

செத்துப்போன இருளாண்டி காலை ஒன்பது மணிக்கே 'மலாக்கா முழக்கம்' அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் அந்த வார இதழ். ஆறாம் பக்கத்தில் 'கண்ணீர் அஞ்சலி'க்குக் கீழே வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெம்பான்ல பாதி ஊரு மாலையோட என் வாசல்ல நிக்குது தம்பி. கைலியோட நான் போய் கதவத் தொறக்குறேன். சம்மந்தி அங்கயே மயங்கி விழுந்துட்டாரு. கோயில் தலைவர் தேர்தல்ல என்னை எதிர்த்து நிக்கிறானே வீரமுத்து, அவன்கூட 'தங்கமான மனுசன்'னு மைக்ல அழுதுட்டான். தேர்தல் நேரத்துல என்னைக் கொன்னுட்டீங்களேலா."

ஆசிரியர் கணேசமூர்த்தி எழுந்து நின்றார். தாத்தா தொடங்கி, அப்பா நடத்தி, இப்போது அவர் தலையில் விழுந்திருக்கும் பத்திரிகை. அடுத்த மாதம் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். இந்த நேரத்தில் போலீசில் ஒரு புகார் போனால் பத்திரிகைக்கே அஞ்சலிதான்.

"ஒரு அம்மா வந்து படத்தக் குடுத்தாங்கண்ணே. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு."

"எந்த அம்மா? பேரு? போன் நம்பரு?"

அதுதான் இல்லை. எழவு வீட்டுக்காரர்களைக் கேள்வி கேட்காதே என்பது அப்பா காலத்துச் சட்டம். அழுதுகொண்டு வருகிறவரிடம், 'நெசமாவே செத்துட்டாரா?' என்று எந்த வாயால் கேட்பது?

"போலீஸ்ல ரிப்போர்ட் போடாதீங்கண்ணே. அடுத்த வாரமே திருத்தம் போட்டுர்றேன்."

போட்டார். பதற்றத்தில் அவரே எழுதினார்: 'பெம்பான் திரு. இருளாண்டி உயிரோடு இருக்கிறார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

வெள்ளிக்கிழமை காலையிலேயே போன்.

"நான் உயிரோட இருக்கறதுல உங்களுக்கு என்ன வருத்தம்?"

"ஐயோ, அப்படியில்லண்ணே. அடுத்த வாரம் மொதல் பக்கத்துல போடுறேன். பெரிய படமா."

அதையும் போட்டார். படத்தைப் பார்த்ததும் சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்து இறங்கிவிட்டார்கள். முதல் பக்கத்தில் பெரிய படம் வந்தால் பெரிய ஆள் போய்விட்டார் என்று அர்த்தமாம். கீழே இருக்கிற எழுத்தை எவன் படிக்கிறான்? என்ன பிழைப்போ இது.

இருளாண்டி திரும்பவும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை முழுப் பக்கத்துக்கு வாழ்க்கை வரலாறு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதிலிருந்து கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியது வரை அவர் சொல்லச் சொல்ல, கணேசமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பெற்ற அப்பாவுக்குக்கூட அவர் அரைப் பக்கம்தான் போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு தேர்தல். மூன்று தடவை தோற்ற இருளாண்டி ஜெயித்துவிட்டார். மைக்கில் அழுத வாயால் எதிர்த்துப் பேச முடியாமல் வீரமுத்து வாபஸ் வாங்கிக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் இருளாண்டி ரிப்போர்ட்டை மறந்தார். பெர்மிட்டும் கைக்கு வந்தது. கணேசமூர்த்தி ஒரு மாதத்துக்குப் பிறகு தேத்தண்ணியைச் சூடாகக் குடிக்க உட்கார்ந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். அதே சிவந்த கண்கள். கணேசமூர்த்தி துள்ளி எழுந்தார்.

"நீங்கதானம்மா அன்னிக்கி இருளாண்டி அண்ணன் படத்தக் குடுத்தது? யாரும்மா நீங்க?"

அந்த அம்மா நிதானமாகப் பையைத் திறந்து இன்னொரு படத்தை மேசைமேல் வைத்தார்.

"அவரு சம்சாரந்தான் தம்பி. இது என் தம்பி காந்தன், அடுத்த மாசம் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத் தேர்தல்ல நிக்கிறான், எங்க வீட்டுக்காரருக்குப் போட்ட மாதிரியே இவனுக்கும் போட்டுருங்க."