பிரதமர் மாற மாட்டார்

உலகத்தில் எனக்கு முழுசாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசித்தான் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டேன். தெரியாத விஷயத்தில் உளறியிருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஒரு விஷயம், பிரான்சின் சோஷலிஸ்ட் அமைச்சரவைகள். (ஈரோட்டிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய் இதைப் படிக்க ஓர் ஆள் வேண்டாமா?) எண்பத்தொன்றில் சோஷலிஸ்ட் ஜனாதிபதி வந்தது, கம்யூனிஸ்டுகளுக்கும் மந்திரி பதவி கொடுத்தது, இரண்டே வருடத்தில் பொருளாதாரக் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பியது, பிறகு எதிர்க்கட்சிக்காரரையே பிரதமராக வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இரண்டு வருடம் ஓட்டியது, எல்லாம் தேதியோடு சொல்வேன். இந்த வாரம் கோமதிக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

கோமதி என் மனைவி. மில்பிடாஸில் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளை மைக்ராஸ்கோப் வழியே பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. எட்டு மணி நேரம் குனிந்தே இருப்பாள். வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்துவிடுவாள். சான் ஹோசேயில் எங்கள் குடித்தனம் அந்தக் கழுத்தின் மேல்தான் நடந்தது. நான் ஆறு வருடமாக ஆராய்ச்சிக் கட்டுரையை ‘முடிக்கப் போகிறவனாக’ இருந்தேன். எனக்கு வேலை கிடைத்ததும் அவள் வேலையை விட்டுவிட்டு நர்ஸிங் படிப்பது என்று பேச்சு. விண்ணப்பத்தை நிரப்பி, ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள்.

தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில், ஹூஸ்டனில் ஒரு சிறிய கல்லூரி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அனுப்பிய விண்ணப்பங்களில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான்.

என் ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: அந்த ஜனாதிபதி நினைத்த நேரத்தில் பிரதமரை மாற்றுவார். முந்தின வருடம்கூட, சபையில் தோற்காத ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த நாட்டின் முதல் பெண் பிரதமரை நியமித்திருந்தார். அந்த அம்மாவின் மேல் மக்களுக்குச் சீக்கிரமே வெறுப்பு வந்துவிட்டது. மார்ச்சில் நடந்த பிராந்தியத் தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. அவர் போய்விடுவார் என்றே எல்லாரும் எழுதினார்கள். எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னால் எனக்கு எதற்கு வேலை கொடுக்கிறார்கள்? மாற்றுவார், மாற்றுவார் என்று இருநூற்றெண்பது பக்கம் எழுதியவன், ‘இந்த முறை மாற்ற மாட்டார்’ என்று பேசுவதற்காக விமானம் ஏறினேன்.

ஹூஸ்டனில், உடன் படித்த நண்பனின் மாமா வீட்டில் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர். நான் அங்கிள் என்று கூப்பிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் கல்லூரியில் துறைத் தலைவர் விருந்து கொடுத்தார். நான் சொன்னதற்கெல்லாம் “ஃபென்டாஸ்டிக்” என்றார். விடைபெறும்போது, “உங்களைப் போன்ற ஒருவர் எங்களுக்குத் தேவை” என்று கையைக் குலுக்கினார். (நம்ம ஊரில் ஒருத்தர் இப்படிச் சொன்னால் ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் ‘போய்ட்டு வா’ என்று அர்த்தம்.) உடனே கோமதிக்கு போன் செய்தேன்.

“கெடச்ச மாதிரிதானுங்களா?” என்றாள்.

“மாதிரி எல்லாம் இல்ல. கெடச்சாச்சுன்னே வெச்சுக்க. நாளைக்குப் பேசறது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

அந்தப் பக்கம் காகிதம் சலசலத்தது. பிறகு, “சரிங்க” என்றாள். அந்தச் ‘சரிங்க’வைக் கவனித்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அங்கிள் காரில் என்னைக் கொண்டுபோய் விட்டார். பாதி வழியில் சொன்னார்: “தம்பி, காலமை றேடியோவில பிரான்சைப் பற்றி ஏதோ சொன்னவங்கள். நான் வடிவாக் கேக்கேல்ல. திருப்பிச் சொல்லுவாங்கள், போடட்டே?”

“வேண்டாங்க அங்கிள். மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டிருக்கேன். பிரான்ஸ் பத்தி எனக்குத் தெரியாததையா ரேடியோல சொல்லிறப்போறான்?”

“அதுவும் சரிதான்” என்றார் மனிதர், மரியாதையாக.

ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓவர்ஹெட் புரொஜெக்டரில் என் பிளாஸ்டிக் தாள்கள். ஒவ்வொரு வரியாகத் தெரிவதற்காக, மேலே ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். (துப்பறியும் கதை சொல்கிறேன் என்று நினைப்பு.) கடைசித் தாளின் கடைசி வரி: ‘எனவே நாடாளுமன்றத் தேர்தல் வரை பிரதமர் மாற மாட்டார்.’ அதைப் பத்து விநாடி அப்படியே ஒளிரவிட்டு நின்றேன்.

பின்வரிசையில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட வயதான அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். பிரெஞ்சு மொழித் துறையிலிருந்து மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தவர்.

“மன்னிக்கவும். நீங்கள் எந்தப் பிரதமரைப் பற்றிப் பேசினீர்கள்?”

கேள்வியே புரியாதவர் என்று இரக்கப்பட்டு, அந்த அம்மையார் யார், எப்போது பதவியேற்றார் என்று நிதானமாக விளக்கினேன்.

“அவரைத்தானா. அவர் இன்று காலை ராஜினாமா செய்துவிட்டார்.”

அங்கேயே நிறுத்தியிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். நான் சிரித்தேன். “மேடம், ஏப்ரல் ஒன்று நேற்றே முடிந்துவிட்டது” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் வருத்தத்தோடு சொன்னார்: “லியோனில் இருக்கும் என் தங்கை போனில் சொன்னாள். பிறகு ரேடியோவிலும் கேட்டேன். புதுப் பிரதமரைக்கூட அறிவித்துவிட்டார்கள்.”

காது அடைத்தது. அப்போதும் வாய் அடைக்கவில்லை. “இது என் வாதத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது” என்றேன். எப்படி என்று துறைத் தலைவர் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடுதான் கேட்டார். எனக்குப் பின்னால் சுவரில் ‘மாற மாட்டார்’ எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனவன் தவறான பொத்தானை அழுத்தி, புரொஜெக்டரின் விசிறியைத்தான் நிறுத்தினேன்.

“ஃபென்டாஸ்டிக்” என்றார் துறைத் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். கருமாதி வீட்டில் கைதட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கூட்டிப் போக வந்த அங்கிள் என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்குரோஃப்ட்டுக்கு ஓட்டிப் போய் ஒரு கடையில் தோசை வாங்கிக் கொடுத்தார். நானாகவே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “நீங்கள் வேண்டாம் எண்டாலும் நான் றேடியோவைப் போட்டிருக்க வேணும். என்ர பிழைதான் தம்பி” என்றார். திட்டியிருந்தால் தோசையாவது இறங்கியிருக்கும்.

அவர் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் கோமதியைக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று திணறுவதற்குள் அவளே பேசினாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

“ஏனுங்க, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே? காலைல போனதும் ரிசைன் லெட்டர் குடுத்துட்டனுங்க. அப்பிடியே நர்ஸிங் அப்ளிகேஷனையும் போஸ்ட் பண்ணிட்டேன்.”

“அப்பிடியா” என்றேன். ஆறு வருடத்தில் என் ‘அப்பிடியா’வைப் படிக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

“எத்தன பேரு கேள்வி கேட்டாங்க?” என்றாள் மெதுவாக.

“ஒருத்தங்க.”

“ஒரே ஒருத்தங்களுக்கே பதில் தெரியலீங்களா?”

திங்கட்கிழமை அவள் சூப்பர்வைசரிடம் போய் லெட்டரைத் திருப்பிக் கேட்டாள். அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆளைச் சொல்லிவிட்டார்கள். செகண்ட் ஷிப்டில்தான் இடம் இருந்தது. அதே மைக்ராஸ்கோப், மத்தியானம் மூன்றிலிருந்து இரவு பதினொன்று வரை. நர்ஸிங் கல்லூரியிலிருந்து ‘சேர்ந்துகொள்ளலாம்’ என்று கடிதம் வந்தது. வகுப்புகள் எல்லாம் மாலையில். அந்தக் கடிதத்தை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

நான் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அடுத்த வருடம் பிரான்சில் சோஷலிஸ்டுகள் படுதோல்வி அடைந்த செய்தியை அந்த வகுப்பின் இடைவேளையில்தான் படித்தேன். எனக்கு வேலை கிடைத்தபோது கோமதி கர்ப்பமாக இருந்தாள். பிறகு குழந்தை, வீடு, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. இரண்டாயிரத்தொன்றில் ஆள் குறைத்தபோதுதான் அவள் அந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தாள். இந்தத் தடவை லெட்டரை அவர்கள் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால், பேச்சு எப்படியும் இந்தக் கதைக்கு வந்துவிடும். நான் சொன்னால் எடுபடுவதில்லை; அதனால் இப்போதெல்லாம் கோமதியே கதையைச் சொல்கிறாள். கடைசியில் இப்படி முடிப்பாள்:

“அன்னிக்கு ரெண்டு பொம்பளைங்க ராஜினாமா பண்ணுனோமுங்க. அவங்களுக்கு அப்புறம் ஐரோப்பா லெவல்ல பெரிய பதவி குடுத்தாங்க. எனக்கு செகண்ட் ஷிப்ட் குடுத்தாங்க.”

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் முதலில் சிரிக்க வேண்டியவன் நான். எங்கள் வீட்டு அமைச்சரவையில் எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா அதுதான்.