பக்கத்து வீட்டு மீட்டர்

சிவநேசன் மறுபடியும் பக்கத்து வீட்டு மின்சார மீட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவங்க மீட்டருங்க," என்றாள் மனைவி மலர்விழி.

"தெரியும். ஏன் ஓடவே மாட்டேங்குதுன்னு பாக்குறேன்."

அவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? நாடு ஒரு ரிங்கிட் சம்பாதிக்க எவ்வளவு மின்சாரம் எரிக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அவருக்கு அரசாங்க உத்தியோகம். கிள்ளானில் தான் குடியிருக்கும் தாமானின் வீடுகளுக்கும் அப்படி ஒரு போட்டி வைத்தவர் அவரே. குறைவாக மின்சாரம் எரிக்கும் வீட்டுக்குப் பரிசு. அதைக் கொடுக்கத் தன் மேலதிகாரி புவான் ரொஹானாவை அழைத்தவரும் அவரே. இப்போது போட்டியில் முன்னால் நிற்பதோ பக்கத்து வீட்டுக் கௌசிகன்.

போட்டி ஆரம்பித்த அன்று அவனுக்கு வேலியோரம் பாடமே எடுத்திருந்தார்.

"பணக்கார நாடுங்க அழுக்கு ஃபேக்டரிய அடுத்த நாட்டுக்குத் தள்ளிரும். பொருள் மட்டும் வாங்கிக்கும். கணக்குல சுத்தமாத் தெரியும். ஏமாத்து வேலைலா."

"அப்படியா அண்ணே," என்று கௌசிகன் பவ்யமாகக் கேட்டுக்கொண்டான்.

சிவநேசன் ஏர்கோனை நிறுத்தினார். மீட்டர் ஏறியது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புது வாஷிங் மெஷின் வாங்கினார். இன்னும் வேகமாக ஏறியது.

"பகல் முழுக்க மெஷின் ஓடுதா?"

"துணி இருக்கு, ஓடுது. ஏர்கோன நிறுத்திட்டு வேர்வையில சட்டை மாத்திக்கிட்டே இருக்கிறது யாரு?"

பக்கத்து வீட்டுக் கொடியிலோ துணி வெள்ளை வெளேரென்று ஆடியது. மெஷின் சத்தம் மட்டும் கேட்பதில்லை.

'கையால துவைக்கிறானுங்க!'

விடுவாரா? தானும் குத்துக்காலிட்டுத் துவைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒத்தடத்துக்கு மின்சாரக் கெட்டிலில் வெந்நீர் போட்டுப் போட்டு, மீட்டர் சக்கரமாய்ச் சுழன்றது.

பரிசு கௌசிகனுக்குத்தான். புவான் ரொஹானா சிரித்தபடி மலாயில் சொன்னார்: "சிவநேசன், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கோங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கைதட்டினார் சிவநேசன்.

மேடையிலிருந்து பரிசுக் கூடையோடு இறங்கிய கௌசிகனின் மனைவி குணபூசணி, நேரே வந்து மலர்விழியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ரொம்ப நன்றி. போட்டிதான் முடிஞ்சிருச்சே, நாளையிலருந்து எங்க துணிய எங்க மெஷின்லயே போட்டுக்கிறேன்."